காத்துல மருந்து இல்லைன்னு லேப் ரிப்போர்ட் வந்தா அதோட முடிஞ்சிச்சா?

வெருளம்தக்காளி:
வணக்கம். தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கு வடக்க டொங்காட் பக்கம் அரை ஏக்கர்ல தக்காளி, கத்திரி போடுறோம், சுத்தி கரும்புதான். ஆகஸ்ட்ல மலைப்பக்கமிருந்து இறங்குற பெர்க் விண்ட் காத்து ரெண்டு நாள் சூடா அடிச்சுது, அடுத்த வாரமே தக்காளிக் கொழுந்து புல்லு மாதிரி ஒடுங்கி, காம்பு முறுக்கிக்கிட்டு கீழ தொங்குது. காசு கட்டி காத்தை டெஸ்ட் பண்ணினோம். எல்லா வரியிலயும் "கண்டறியப்படல". பக்கத்துல களைமருந்து அடிக்கிறவங்க, அதான் இல்லைன்னு வந்துருச்சே, இனி எங்களைச் சொல்லாதீங்கங்கிறாங்க.

கரும்புக்காடு:
நானும் உங்க பக்கத்துல களைமருந்து அடிக்கிற கான்ட்ராக்டர்தான், நேராவே சொல்றேன். இல்லைன்னா இல்ல. இலை சுருள வைரஸ் போதும், வெள்ளை ஈ போதும். லேப்பையே நம்பலன்னா அப்புறம் எதை நம்புவீங்க?

லேப்வாசி:
அண்ணே, லேப் பொய் சொல்லல, ஆனா அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேற. அக்கா, ரிப்போர்ட்ல எத்தனை லிட்டர் காத்து இழுத்தாங்கன்னு இருக்கும், பாருங்க.

வெருளம்தக்காளி:
நிமிஷத்துக்கு 2 லிட்டர், 4 மணி நேரம். பம்ப் இழுக்கிற காத்துலேர்ந்து மருந்தைப் பிடிக்கிற ஸ்பாஞ்ச் இருக்கே, அந்த ஃபோம் ஒண்ணுல குறைஞ்சது 50 நானோகிராம் இருந்தாத்தான் தெரியும்னு போட்டிருக்கு.

லேப்வாசி:
அப்ப மொத்தம் 480 லிட்டர், அரை கன மீட்டர் கூட இல்ல. 50-ஐ 0.48-ஆல வகுத்தா சுமார் 104. அதாவது ஒரு கன மீட்டர்ல 100 நானோகிராம் இருந்தாக்கூட உங்க ரிப்போர்ட்ல "இல்ல"ன்னுதான் வரும். இதே லேப், இதே மெஷின், பெரிய பம்ப் வச்சு நிமிஷத்துக்கு 225 லிட்டர்னு 24 மணி நேரம் இழுத்தா 324 கன மீட்டர், அப்ப ஒரு கன மீட்டர்ல 0.15 நானோகிராம் வரைக்கும் தெரியும். இன்னொண்ணு, எந்தெந்த மருந்தைத் தேடினாங்கன்னு ஒரு லிஸ்ட் இருக்குமே, அதுல 2,4-டி இருக்கா? செடியோட ஹார்மோன் மாதிரி வேலை செய்யுற களைமருந்து அது.

வெருளம்தக்காளி:
ரெண்டு தரம் பாத்துட்டேன். 40 மருந்தோட பேர் இருக்கு. அது இல்ல.

லேப்வாசி:
நினைச்சேன். 2,4-டி ஆசிட், அதை ஆவியாக்கிப் பிரிச்சுப் பாக்குற கேஸ் குரோமட்டோகிராஃப் மெஷின்ல அப்படியே போடமுடியாது, முதல்ல மெத்தில் எஸ்டரா மாத்தணும், இல்லைன்னா திரவமாவே பிரிச்சுப் பாக்குற எல்சி மெஷின்ல ஓட்டணும். சாதாரண ஸ்கேன்ல அது வராது. நீங்க சொல்ற அறிகுறிக்கு முதல்ல தேட வேண்டியதே அதைத்தான், அதைத் தேடவே இல்ல.

கரும்புக்காடு:
சரி, தேடலன்னு ஒத்துக்கறேன். ஆனா 0.15 வரைக்கும் தோண்டினா எங்க வேணா எதாச்சும் கிடைக்கும் தம்பி, கிடைச்ச உடனே குத்தவாளி நான்தானா? டாலா பள்ளத்தாக்குல காய்கறிக்காரங்க இதே ஹார்மோன் மருந்துக்கு 1990-ல கோர்ட்டுக்குப் போனாங்க, நிக்கல.

லேப்வாசி:
அவங்க கேட்டது மருந்தைத் தயாரிக்கிறதையும் விக்கிறதையுமே நிறுத்தணும்னு. சட்டப்படி அந்தக் கேஸ் நிக்காதுன்னு ஆரம்பத்துலயே தள்ளிட்டாங்க, காத்தை அளந்தது தப்புன்னு சொல்லல. ஆனா நீங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, காத்துல இருக்கிறது வேற, செடியைக் கெடுக்கிறது வேற. அதனாலதான் காத்து வர்ற பக்கம் ஒண்ணு, போற பக்கம் ஒண்ணு வைக்கணும், இலையையும் தனியா அனுப்பணும். 2,4-டி ரெண்டு வடிவத்துல வரும், நீங்க அடிச்சது எஸ்டரா, அமைன் உப்பா? எஸ்டர்னா வெயில்ல ஆவியாகி எழும்பும், அமைன் அவ்வளவு எழும்பாது.

கரும்புக்காடு:
நாங்க அமைன்தான். பில் இருக்கு.

ஸ்டேங்கர்காரன்:
லோட் ஷெட்டிங்னு கரண்டை நிறுத்தினா பம்ப் நின்னுருமே. ரெண்டு ஸ்டீல் கிண்ணத்துக்கு நடுவுல ஃபோம் வட்டு தொங்கவிடுவாங்களே, கரண்டே வேணாம், அது ஆகாதா?

லேப்வாசி:
அது ஒரு நாளைக்கு 3, 4 கன மீட்டர்தான் பிடிக்கும், மாசக்கணக்கா தொங்கணும். சீசன் சராசரிக்கு நல்லது, ரெண்டு நாள் காத்தைப் பிடிக்க உதவாது. பேட்டரி பம்ப் வாங்குங்க.

கரும்புக்காடு:
அக்கா, அடுத்து அடிக்கிற தேதியை முன்கூட்டியே சொல்றேன். எங்க பக்கமும் ஒரு ஃபோம் வைங்க, காத்து இழுக்காத சும்மா ஃபோம் ஒண்ணும் கூடவே போகணும். அதுலயே மருந்து வந்தா நான் எதையும் ஒத்துக்க மாட்டேன்.

லேப்வாசி:
சரியான பேச்சு. அக்கா, அந்த ஃபோமை எல்லாம் உங்க பக்கி பிக்கப் வண்டில எடுத்துட்டுப் போகாதீங்க, மருந்து கேன் ஏத்துற வண்டி. வேற கார்ல, ஃபாயில்ல சுத்தி, ஐஸ் பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டுபோங்க.