ரேடியேட்டரின் மூன்று குளிர்கள்: காற்றுப்பிடிப்பு, அடிமண்டி, கடைமடை

மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம்.

குளிர்நாட்டு வீடுகளில், பாய்லர் சூடாக்கிய தண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவர்ப்பெட்டிதான் ரேடியேட்டர். வீட்டுக்காரர்களுக்கான பழுதுக் குறிப்பைத் தமிழில் எழுத, அதில் சிக்கிய காற்றைத் திறந்துவிடும் ‘ப்ளீட்’ வேலைக்குத் தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய இழையில் குருதிவடிப்பு, காற்று வெளியேற்றம், காற்றிறக்கம், வளிநீக்கம் என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான் லண்டனின் வடமேற்கில், ஹாரோ பக்கம், வீடுகளின் பாய்லர், ரேடியேட்டர் பழுதுபார்க்கிறவன். குளிர்காலம் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி தமிழில்தான் நடக்கும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ‘ப்ளீட்’ ஒன்றுக்கு மட்டும் சொல் கண்டுபிடித்து நிறுத்தினால் போதாது. ரேடியேட்டர் மூன்று விதமாகக் குளிரும். மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு. மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தால்தான் தொலைபேசியிலேயே பாதிப் பழுதைக் கண்டுபிடிக்க முடியும்.

“தம்பி, ஹீற்றர் வேலை செய்யேல்லை” என்று ஓர் அம்மா அழைக்கிறார் என்று வையுங்கள். நான் முதலில் கேட்பது, “அம்மா, பெட்டியில கை வைச்சுப் பாருங்கோ. எந்த இடம் குளிருது?” மேல்பகுதி குளிர்ந்து கீழ்ப்பகுதி சுட்டால் உள்ளே காற்று. மேலே சுட்டு, அடியில் நடுப்பகுதி மட்டும் குளிர்ந்தால் உள்ளே துருக்கசடு. பாய்லருக்குப் பக்கத்து அறைகளெல்லாம் சுட, தூரத்து அறைகளில் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் தண்ணீர் அங்கே போதுமான அளவு போய்ச் சேரவில்லை. இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

குருதிவடிப்பை முதலில் விலக்கிவிடலாம். அது ஆங்கிலச் சொல்லின் நிழல். ரேடியேட்டரில் நாம் வெளியே விடுவது காற்று. தண்ணீர் வந்தால் நிறுத்த வேண்டும். ‘வடித்தல்’ என்றால் கேட்பவர் தண்ணீரை வடிக்கத் தொடங்கிவிடுவார். ‘காற்றை வெளியேற்றுங்கள்’ என்றால் ஜன்னலைத் திறக்கச் சொல்வதாகவே எடுத்துக்கொள்வார்கள். காற்று இறங்குவது சைக்கிள் டயரில் நடப்பது, அங்கே அது நஷ்டம். வளிநீக்கம் பாடநூலுக்குப் பொருந்தும், அங்கே இருக்கட்டும்.

நம்மிடம் இதற்கு ஏற்கெனவே பேச்சு இருக்கிறது. தோட்டத்து மோட்டார் தண்ணீர் இறைக்காமல் நின்றால் “காத்துப் பிடிச்சிட்டுது” என்பார்கள். டீசல் எஞ்சின் மெக்கானிக் “ஏர் எடுக்கணும்” என்பார். ஆகவே பழுதுக்குக் காற்றுப்பிடிப்பு, வைத்தியத்துக்குக் காற்றெடுப்பு. வாயுப்பிடிப்பு என்ற சொல்லை அறியாத தமிழ் வீடு இல்லை என்பதால் காற்றுப்பிடிப்புக்கு விளக்கவுரை தேவைப்படாது. திறக்கும் சிறு திருகு காற்றெடுப்புத் திருகு, அதற்கான சதுரத்துளைச் சாவி காற்றெடுப்புச் சாவி.

கோவை அன்பர் ஒருவர், “உள்ளே சேர்வது எப்போதும் காற்றுதானா?” என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. புதிதாகத் தண்ணீர் நிரப்பிய பிறகு சேர்வது பெரும்பாலும் காற்றுதான். ஆனால் ஒரே ரேடியேட்டரில் அடிக்கடி சேர்ந்துகொண்டே இருந்தால், உள்ளே இரும்பு அரிக்கும்போது பிறக்கும் ஹைட்ரஜனாகவும் இருக்கலாம். அது தீப்பற்றக்கூடியது, திருகைத் திறக்கும்போது அருகில் மெழுகுவர்த்தியோ விளக்கோ கூடாது. ‘வளி’ என்றால் இரண்டையும் தழுவும் என்பது உண்மைதான். இருந்தாலும் வீட்டில் இருப்பவர் செய்யவேண்டிய காரியம் இரண்டிலும் ஒன்றே. பேசுகிற வாய்க்குக் காற்று போதும்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சொல் பொருந்துவதும் தெரியும். பாய்லரை நிறுத்தி, ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். திருகுக்கு அடியில் பழைய துணி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, சாவியை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பினால் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வரும். திருகை முழுதாகக் கழற்றிவிடக் கூடாது. கழன்றுவிட்டால் பீச்சியடிக்கும் தண்ணீருக்கு எதிராகத் திருகைத் திரும்பப் பொருத்துவது பெரும்பாடு. சத்தம் மெலிந்து, இடையிடையே துப்பி, பிறகு தண்ணீர் சீராக வரும். அந்தக் கணத்தில் மூடிவிட வேண்டும். துணியில் விழுந்த துளியைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நிம்மதி. மை கொட்டினதுபோல் கறுப்பாக இருந்தால் அடுத்த சொல் தேவைப்படுகிறது.

அதற்கு முன் ஒன்று. காற்றெடுத்த பிறகு அமைப்பின் அழுத்தம் குறையும். இதைச் சொல்லாமல் விட்டால், ரேடியேட்டரைச் சரிசெய்த கையோடு பாய்லர் நின்றுபோய், “நீங்கள் சொன்னபடி செய்தேன், இப்ப ஒண்டுமே சுடேல்லை” என்று மறுபடி அழைப்பு வரும். அறைச்சூட்டையும் குழாய் வெந்நீரையும் ஒன்றே தரும் காம்பி பாய்லரின் அழுத்தமானி, ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) வரை காட்ட வேண்டும். சூடானபோது 2 வரை ஏறுவது இயல்பு. குறைந்திருந்தால் ஊட்டுவதற்கு, பெரும்பாலும் பாய்லருக்கு அடியில், கம்பிவலை போர்த்திய ஒரு நெளிகுழாய் இருக்கும். அதை ‘நிரப்பு வளையம்’ என்று ஒருவர் பெயர்த்திருந்தார். பார்க்கிறவர் கண்ணுக்கு அது வளையமே அல்ல, குழாய். நிரப்புக்குழாய் என்போம். முள் ஏறியதும் வால்வுகளை இறுக மூடவேண்டும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். மூட மறந்தால் 3 பாரில் காப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செப்புக்குழாய் வழியே சொட்டும். நிரப்புக்குழாயை மூடியிருந்தும் சூடேறும்போதெல்லாம் 3 வரை ஏறிச் சொட்டி, ஆறியதும் பூச்சியத்துக்கு இறங்கினால், பெரும்பாலும் விரிவுக்கலனில், அதாவது சூடாகி விரியும் தண்ணீருக்கு இடங்கொடுக்கும் கலனில், குறை. அது எங்களைப் போன்றவர்கள் வந்து பார்க்கவேண்டியது.

இனிக் கறுப்புத் தண்ணீர். சேறு, வண்டல், கசடு என்று மூன்றும் வந்தன. வண்டல் என்ற சொல்லோடு விளைச்சல் ஒட்டிக்கொண்டு வருகிறது, இங்கே பொருந்தாது. சேறு மண்ணோடு சம்பந்தப்பட்டது. கசடு தவறில்லை. ஆனாலும் எண்ணெய்ப் பாத்திரத்தின் அடியிலும் புளிக்கரைசலின் அடியிலும் தங்குவதை நாம் அன்றாடம் மண்டி என்கிறோம். ரேடியேட்டரில் நடப்பதும் அதுவே: எஃகும் தண்ணீரும் உயிர்வளியும் சேர்ந்து உண்டாகும் மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடு கனத்தால் கீழே படிகிறது. அதனால்தான் அடிப்பகுதி குளிர்கிறது. அரிசி மண்டி, காய்கறி மண்டியோடு குழம்பும் என்று மறுப்பு வந்தது. அடிமண்டி என்றால் குழப்பம் தீர்ந்தது, குளிரும் இடத்தையும் சொல் தானே காட்டுகிறது. வைத்தியம் அலசல். பம்ப் வைத்து வேகமாகச் செய்வது விசை அலசல். அலசிய பிறகு தண்ணீரில் கலக்கும் மருந்துக்குத் துருத்தடுப்பி. மேக்னடைட் காந்தத்தில் ஒட்டும் என்பதால் பாய்லருக்குத் திரும்பிவரும் குழாயில் காந்த வடிகட்டி மாட்டுகிறோம். அதைக் கழற்றி, அதில் பசைபோல ஒட்டியிருக்கும் கறுப்பைக் காட்டினால் எந்த வீட்டுக்காரருக்கும் மேலும் விளக்கம் வேண்டியிருக்காது.

மூன்றாவதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது. ‘பேலன்சிங்’ என்பதற்குச் சமநிலைப்படுத்தல் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டதுபோல் இழை நகர்ந்துவிட்டது. நான் ஒப்பவில்லை. இங்கே எதையும் சமமாக்குவதில்லை. கூடத்துப் பெரிய ரேடியேட்டருக்கு நிறையத் தண்ணீர் வேண்டும், கழிவறையின் சிறிய பெட்டிக்குக் கொஞ்சம் போதும். அவரவர் பங்கு அவரவருக்குப் போகச் செய்வதே வேலை. பம்ப் தள்ளும் தண்ணீர், வழி எளிதாக இருக்கும் பக்கத்து ரேடியேட்டர்களில் பாய்ந்து சுற்றித் திரும்பிவிடுகிறது. மாடியின் கோடி அறைக்கு மிச்சம்தான். தலைமடைக்காரர் திறந்து வைத்துக்கொண்டால் கடைமடை காய்வது காவிரிப் பாசனத்தில் தலைமுறை தலைமுறையாகப் பேசப்படும் வழக்கு. பழுதுக்குக் கடைமடைக் குளிர் என்றும், சரிசெய்யும் வேலைக்கு நீர்ப்பங்கீடு என்றும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. ரேடியேட்டரின் ஒரு முனையில் பிளாஸ்டிக் தொப்பிக்குள் ஒளிந்திருந்து தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்தும் ‘லாக்‌ஷீல்டு’ வால்வுக்கு மடைத்திருகு. ஈழத்து அன்பர்களுக்குக் கடைமடை பழக்கமில்லாத சொல்லாக இருக்குமோ என்று யோசித்தேன். கிணற்றுத் தோட்டத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறினவர்களுக்கு ஒரு முறை சொன்னால் போதும்.

இந்தச் சொற்கள் வேலைக்கு உதவுகின்றனவா என்று பார்க்க, செய்முறையை அவற்றாலேயே எழுதிப் பார்த்தேன்:

“எல்லா ரேடியேட்டர்களையும் முழுதாகத் திறந்துவிடுங்கள். ஆறிக் கிடக்கும் அமைப்பை இயக்கி, எது முதலில் சுடுகிறது, எது கடைசியில் சுடுகிறது என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் சுட்டதன் மடைத்திருகைக் கிட்டத்தட்ட மூடிச் சிறிது மட்டும் திறந்து வையுங்கள். அடுத்தடுத்தவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் திறந்துகொண்டே போங்கள். கடைமடை ரேடியேட்டரின் மடைத்திருகு முழுதாகத் திறந்திருக்கட்டும். பிறகு ஒவ்வொன்றிலும் தண்ணீர் உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பாருங்கள்.”

பழைய கணக்கில் அந்த வேறுபாடு சுமார் 12 பாகை செல்சியஸ். இப்போதைய கண்டென்சிங் பாய்லர்களுக்கு 20 வரை வைப்பதும் உண்டு, ஏனென்றால் திரும்பிவரும் தண்ணீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி நன்றாகத் தண்ணீராகி, அதன் வெப்பமும் நமக்குக் கிடைக்கும். இந்தப் பத்தியைச் ‘சமநிலைப்படுத்தல்’ வைத்து எழுதிப் பாருங்கள். எதை, எதனோடு என்ற கேள்வி ஒவ்வொரு வரியிலும் எழும்.

ஓர் எச்சரிக்கையும் குறிப்பில் சேர வேண்டும். இரண்டு பக்கத்து ரேடியேட்டர்களும் சுட, நடுவில் ஒன்று மட்டும் முழுதாகக் குளிர்ந்திருந்தால் அது கடைமடைக் குளிர் அல்ல. பெரும்பாலும் எண்கள் போட்ட ‘தெர்மோஸ்டாட்டிக்’ வால்வின், அதாவது அறைச்சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைக் கட்டும் வெப்பக்கட்டுத் திருகின், ஊசி கோடை முழுவதும் மூடிக் கிடந்ததில் சிக்கியிருக்கும். தலையைக் கழற்றி ஊசியை மெல்ல அழுத்தினால் உள்ளே போய்த் தானே மேலே வரவேண்டும். இதற்கு ‘ஊசி இறுகல்’ என்று எழுதினால் போதும்.

பாய்லர், ரேடியேட்டர் இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்வோம். கொதிகலன் நெய்வேலிக்குப் பொருந்தும். வீட்டுப் பாய்லரில் தண்ணீர் கொதிக்கவே கூடாது. லண்டனின் சுண்ணாம்புத் தண்ணீரால் உள்ளே உப்புப் படிந்து, ஓரிடத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கினால் கேத்தல் இரைவதுபோலச் சத்தம் வரும். அதைக் கொதியிரைச்சல் என்று பெயரிட்டுப் பழுதாகப் பட்டியலிட வேண்டியிருக்கும்போது, கருவிக்கே கொதிகலன் என்று பெயர் வைத்தால் இடிக்கும். ‘வெப்பக் கதிர்வீசி’ என்ற பரிந்துரையும் வேண்டாம். அந்தப் பெட்டி அறையைச் சூடாக்குவது பெரும்பகுதி காற்றோட்டத்தால்தான்.

பாதுகாப்புப் பகுதியில் நமக்குச் சொல் விளையாட்டே வேண்டாம். பாய்லரின் மூடியைத் திறப்பது ‘கேஸ் சேஃப்’ என்ற பிரிட்டனின் கேஸ் பணியாளர் பதிவேட்டில் பெயர் உள்ளவரின் வேலை. வாடகை வீடானால் ஆண்டுக்கொரு முறை கேஸ் சோதனை செய்விப்பது வீட்டுச் சொந்தக்காரரின் சட்டக் கடமை. கேட்கத் தயங்கும் பெரியவர்கள் நிறையப் பேர், அதனால் கொட்டை எழுத்தில் போடவேண்டும். நீலமாக எரியவேண்டிய சுடர் மஞ்சளாகத் தெரிந்தாலோ, பாய்லரைச் சுற்றிக் கரி படிந்தாலோ, வீட்டில் இருக்கும்போது மட்டும் தலைவலியும் மயக்கமும் வந்தாலோ, கார்பன் மோனாக்சைடு என்று எண்ணி, பாய்லரை நிறுத்திவிட்டு வெளியே வந்து பிரிட்டனின் கேஸ் அவசர எண்ணான 0800 111 999க்கு அழைக்க வேண்டும். ‘காபனோரொட்சைட்டு’ என்று இலங்கைப் பாடநூல் வழக்கில் எழுதினால் ஆபத்து நேரத்தில் யாருக்கும் புரியாது. ‘நச்சுப்புகை’ என்று எழுதலாமா என்றால் அதுவும் சிக்கல்: இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, புகையைத் தேடிக் காணாமல் நிம்மதியடைந்துவிடுவார்கள். கார்பன் மோனாக்சைடு என்றே எழுதி, பக்கத்தில் ‘கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயு’ என்று சேர்க்கலாம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. கண்டென்சிங் பாய்லரில் புகையிலிருந்து பிறக்கும் தண்ணீரை வெளியே கொண்டுபோகும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறதே, அதற்குச் சொல் வேண்டும். கடும் பனியில் அது உறைந்து பாய்லர் நின்றுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரை, கொதிநீரை அல்ல, மேலே ஊற்றினால் இளகும். வடிநீர்க்குழாய் என்று எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் கூரையிலிருந்து மழைநீர் வடியும் குழாயும் அதே சுவரில், சில வீடுகளில் அதே நிறத்தில் பக்கத்திலேயே இறங்குகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டும் சொல் யாருக்காவது தோன்றினால், பனி தொடங்குமுன் எழுதுங்கள்.

அன்புடன்.