வங்கி கடன் தரவில்லை, சுரங்கம் மட்டும் எப்படி வந்தது?

மாறன்:
ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் அதானி குழுமம் தோண்டிய கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கம் பற்றி ஒரு சந்தேகம். 2014 நவம்பரில் பிரதமர் மோடி ஆஸ்திரேலியா போயிருந்தபோது, ஸ்டேட் வங்கி இந்தச் சுரங்கத்துக்காக அதானி குழுமத்துக்கு 100 கோடி டாலர் வரை கடன் தரப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அது கடனாக மாறவில்லை, ஆஸ்திரேலியாவின் பெரிய வங்கிகளும் கைவிரித்தன. ஆனாலும் 2021 டிசம்பரில் நிலக்கரி கப்பலேறத் தயாராகிவிட்டது. அப்படியானால் வங்கிகள் மறுத்ததில் என்ன பயன்?

கணக்கர்:
இது திட்டக் கடன். நாளைக்கு வெட்டி விற்கப்போகும் நிலக்கரியை நம்பி இன்றைக்குப் பணம் கொடுப்பது, விலை விழுந்தால் வங்கி மாட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் பெரிய வங்கிகளில் ஒன்றான வெஸ்ட்பேக் 2017 ஏப்ரலில் ஒரு விதி கொண்டுவந்தது: புதிய சுரங்கம் என்றால் ஏற்கெனவே நிலக்கரி எடுக்கும் படுகையில் இருக்க வேண்டும், நிலக்கரியும் கிலோவுக்குக் குறைந்தது 6,300 கிலோகலோரி வெப்பம் தர வேண்டும். கார்மைக்கேல் இருக்கும் கலிலீ படுகையில் அதுவரை சுரங்கமே கிடையாது, நிலக்கரியின் தரமும் அந்த அளவுக்கு வராது. பெயர் சொல்லாமலே கதவைச் சாத்திவிட்டார்கள்!

செல்வி அக்கா:
பயன் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் தம்பி? முதலில் போட்ட திட்டம் வருஷத்துக்கு 6 கோடி டன். 2018 நவம்பரில் சொந்தப் பணத்திலேயே கட்டுகிறோம் என்று அறிவித்தபோது ஆரம்ப அளவு 1 முதல் 1.5 கோடி டன்னாக இறங்கியிருந்தது, 388 கிலோமீட்டர் ரயில் பாதையும் சுமார் 200 கிலோமீட்டராகச் சுருங்கியது. 2020 நவம்பரில் ஸ்டேட் வங்கிக் கடன் பேச்சு மறுபடி அடிபட்டதும், சிட்னியில் இந்தியா ஆடிய ஒருநாள் போட்டியில் இரண்டு பேர் பதாகையோடு மைதானத்துக்குள் ஓடினார்கள். பிரான்சின் அமுண்டி முதலீட்டு நிறுவனம், இந்தக் கடனைக் கொடுத்தால் தன்னிடமுள்ள ஸ்டேட் வங்கியின் பசுமைப் பத்திரங்களை, அதாவது சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டங்களுக்கென்று வங்கி விற்ற கடன் பத்திரங்களை, விற்றுவிடுவதாகச் சொன்னது. பத்திரம் வாங்குகிறவர் பேசினால் வங்கிக்குக் காது கேட்கிறது.

மாறன்:
சரி அக்கா, ஆனால் 'சொந்தப் பணம்' என்பது எங்கிருந்து வந்தது?

கணக்கர்:
அதுதான் ஓட்டை. சுரங்கத்துக்கென்று தராத வங்கி, தாய் நிறுவனத்துக்குப் பொதுவான தொழில் கடன் தரலாம், அதன் கடன் பத்திரங்களை விற்றுக் கொடுக்கலாம். குழுமத்துக்குள் போன பணம் எந்தக் குழியில் இறங்கியது என்று வெளியாள் பிரித்துப் பார்க்கவே முடியாது. திட்டக் கடன் தரமாட்டோம் என்று ஒரு வங்கி சொன்னால் நான் அதோடு விடமாட்டேன், தாய் நிறுவனத்தோடு கணக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்பேன்.

செல்வி அக்கா:
அதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த மண்ணின் பூர்வகுடிகளான வாங்கன், ஜகாலிங்கூ மக்களில் ஒரு பகுதியினர் இந்தச் சுரங்கத்தை வருஷக்கணக்கில் எதிர்த்து, வங்கிகளிடமே நேரில் போய்க் கடன் தராதீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் சம்மதம் இருக்கிறதா என்று எந்தக் கடன் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது?