குமுளி கடையில் பழைய எடை மெஷினும் புது கம்ப்யூட்டரும்

குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் எடை மெஷின் பழசுதான், ஆனால் எடை பிசகாது, வருடா வருடம் முத்திரையும் போட்டு வாங்கிவிடுகிறோம். அதன் பின்பக்கம் இருப்பது ஒன்பது பின் சீரியல் போர்ட் என்ற பழைய வகை இணைப்பு, புதிதாக வந்த கம்ப்யூட்டரிலோ யூஎஸ்பி தவிர வேறெதுவும் இல்லை. "மெஷினையே மாத்திடுங்கண்ணே" என்றார் கம்ப்யூட்டர் கொண்டுவந்த தம்பி. முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கும் மனசு வரவில்லை.

அதனால் இரண்டையும் இணைக்க யூஎஸ்பி டு சீரியல் கேபிள் வாங்கினோம். முதலில் வந்த கேபிளைச் செருகியதும், விண்டோஸில் இணைத்த கருவிகளைக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் எச்சரிக்கை முக்கோணம். கூடவே, இந்தச் சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி. கம்பி பழுதில்லை, உள்ளே இருக்கும் சிப்பைப் புது விண்டோஸ் டிரைவர் (கருவியை இயக்க உதவும் மென்பொருள்) ஏற்க மறுக்கிறது, அவ்வளவுதான். அதனால் யாராவது வாங்கப் போனால் முனை பொருந்துகிறதா என்பதோடு நிற்காமல் உள்ளே என்ன சிப் என்று கேட்டு வாங்குங்கள். எஃப்டிடிஐ என்ற கம்பெனியின் சிப் உள்ளது விலை கூடுதல்தான், எங்களுக்கு அது உடனே பிடித்துக்கொண்டது.

மெஷினில் மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கேபிளின் 2-ம் 3-ம் பின்களைச் சின்னக் கம்பியால் இணைத்து, புட்டி (PuTTY) என்ற மென்பொருளில் அந்தப் போர்ட்டைத் திறந்து எதையாவது தட்டினால், தட்டிய எழுத்து அப்படியே திரையில் திரும்பி வர வேண்டும். வந்தால் கேபிளும் டிரைவரும் சரி, இனி கோளாறு என்றால் மெஷின் பக்கம் அல்லது செட்டிங்கில்தான். மெஷினில் மாட்டியதும் எங்களுக்கு எடைக்குப் பதில் கோணல்மாணலாக ஏதேதோ குறிகள் வந்தன. பாட் ரேட், அதாவது தகவல் அனுப்பும் வேகம், இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லாததுதான் காரணம், இரண்டையும் 9600-க்கு வைத்ததும் கிலோவும் கிராமும் சுத்தமாக வந்துவிட்டன.

அப்புறம் காம் எண், அதாவது சீரியல் போர்ட்டுக்கு விண்டோஸ் கொடுக்கும் எண். எங்கள் பழைய பில்லிங் மென்பொருளுக்கு காம்1 முதல் காம்4 வரைதான் தெரியும், விண்டோஸ் கொடுத்ததோ காம்7. டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் காம்3 ஆக மாற்றினேன். சில மலிவு கேபிள்களை வேறு யூஎஸ்பி ஓட்டையில் மாற்றிச் செருகினால் எண்ணும் மாறிவிடும், அப்படிப்பட்டது உங்களிடம் இருந்தால் எப்போதும் ஒரே ஓட்டையில் வையுங்கள்.

சீட்டு அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு யூஎஸ்பி டு பேரலல் கேபிள் போட்டோம். அது பழைய பிரிண்டர் போர்ட்டின் பெயரான எல்பிடி1 என்று வராமல் யூஎஸ்பி001 என்றுதான் வரும், பிரிண்டர் அமைப்பில் அந்தப் போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும்.