விண்ணப்பம் எழுதும் முன் நிதி நிறுவனத்திடம் பேசலாமா?

வாவிக்கரை:
வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது ஆண்டாக விரிவுரையாளராக இருக்கிறேன். மட்டக்களப்பு வாவியின் உப்புத்தன்மை மழையோடு மாறுவது இறால் குஞ்சுகளை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய மானியம் கேட்கப் போகிறேன். முடிவுத் திகதிக்கு ஒன்பது வாரம் இருக்கிறது. எழுதத் தொடங்குமுன் நிதி நிறுவனத்தின் திட்ட அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறார் நண்பர். எங்கள் ஊரில் இதை ஆள் பிடிப்பது என்பார்கள். அவர்களும் அப்படி நினைத்துவிடுவார்களோ என்று தயங்குகிறேன்.

கல்லடி ஆசிரியை:
தம்பி, தயங்காமல் கேளுங்கள். தெரிவுக் குழுவில் இருப்பவரைத் தேடிப் போவதுதான் ஆள் பிடிப்பது. அதை ஒருநாளும் செய்யாதீர்கள். திட்ட அலுவலர் இருப்பதே இப்படியான கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களிடம் ஏதேனும் ஓர் ஆண்டில் 500,000 டொலரோ அதற்கு மேலோ நேரடிச் செலவாக, அதாவது ஆய்வுக்கே ஆகும் செலவாகக் கேட்பவர், சமர்ப்பிப்பதற்குக் குறைந்தது 6 வாரம் முன்பே பேசி ஒப்புதல் பெற வேண்டும் என்று பல ஆண்டுகளாக விதியே இருந்தது.

நான் இதைப் பட்டுத்தான் அறிந்தேன். கண்டல் காடுகளைப் பற்றி மூன்று மாதம் இரவிரவாக எழுதிய விண்ணப்பம் இரண்டு வரியில் திரும்பி வந்தது. அந்த ஆண்டு நான் விண்ணப்பித்த நிறுவனம் கரையோரத் தாவரங்களுக்கு நிதி கொடுக்கவில்லையாம். ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்திருக்கும். அந்த மூன்று மாதத்துக்குள்தான் என் மகளின் சாதாரண தரப் பரீட்சை வந்து போனது. அவளுக்குப் பக்கத்தில் ஒருநாள்கூட நான் உட்காரவில்லை. இன்றும் அது மனதை அறுக்கிறது.

மானிய அறிவித்தலை முழுவதும் வாசித்த பிறகு அலுவலருக்கு எழுதுங்கள். அதில் இருப்பதையே கேட்டால் வாசிக்கவில்லை என்று தெரிந்துவிடும். ஆய்வுக் கேள்வி, இடம், காலம், ஏறத்தாழ எவ்வளவு பணம்: ஒரு பக்கம் போதும். இது உங்கள் இந்த ஆண்டு நோக்கத்துக்குள் வருமா என்று நேராகக் கேளுங்கள். தோணி வாடகை கொடுப்பார்களா என்றும் கேளுங்கள்.

உங்கள் ஆய்வுக்கு எல்லாவற்றிலும் முக்கியம், பணம் எந்த மாதம் கைக்கு வரும் என்பது. ஆடி, ஆவணியில் உப்பு ஏறிய நீரிலும் மாதிரி எடுக்க வேண்டும், வடகீழ்ப் பருவமழையில் முகத்துவாரம் திறந்த பின்னும் எடுக்க வேண்டும். பணம் மாசியில் வந்தால் அந்த மழை போய்விடும். அடுத்த மழையில் மாதிரி எடுத்து முடிக்கும்போது ஓராண்டு மானியம் தீர்ந்துவிடும்; ஆய்வுகூட வேலைக்கு நாளே மிஞ்சாது.

ஒலுவில் வயல்:
தொலைபேசியில் பேசினால், பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். எனக்குப் பதில் சொன்ன அலுவலர் அடுத்த மாதமே மாற்றலாகிப் போனார். கையில் எழுத்து இருந்தபடியால்தான் என் நெல்வயல் ஆய்வின் மண் பரிசோதனைச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். சில நிறுவனங்கள் தனியாகப் பேசுவதில்லை; கேள்விகளை எழுத்தில் வாங்கி எல்லோருக்கும் பொதுவாகப் பதில் வெளியிடும். அப்படியானால் அந்த வழியிலேயே கேளுங்கள்.

வாவிக்கரை:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று அனுப்பினேன், இன்று மதியம் பதில் வந்தது. ஆய்வு நோக்கத்துக்குள் வருகிறது. பணம் பங்குனிக்குப் பிறகுதானாம். ஆனால் 18 மாதத்துக்குக் கேட்கலாம் என்கிறார்கள். பாதீட்டை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். தோணி வாடகையைக் கேட்க மறந்துவிட்டேன், நாளை எழுதுகிறேன். டீச்சர், மகளைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.