இணைப்பு விமானத்துக்கு 55 நிமிடம்தான், 'சிஸ்டம் ஏற்கிறது' என்கிறார்கள்

ஜன்னலோரம்:
அடுத்த மாதம் அம்மாவுடன் பயணம். ஒரே புக்கிங், இரண்டு விமானங்கள். வாங்கும்போது நடுவில் மூன்று மணி நேரம் இருந்தது. போன வாரம் முதல் விமானத்தைத் தள்ளிவைத்து மெயில் அனுப்பினார்கள். இப்போது மிச்சம் 55 நிமிடம். அம்மாவுக்கு முழங்கால் வலி, சக்கர நாற்காலி கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர்களைப் பெரும்பாலும் கடைசியில்தான் இறக்குவார்கள், அதிலேயே பாதி நேரம் போய்விடும்.

விமான நிறுவனத்தைக் கேட்டால் 'வாங்கிய இணையதளத்தில் கேளுங்கள்' என்கிறார்கள். அங்கே கேட்டால் 'நிறுவனம்தான் மாற்ற முடியும்'. மூன்றாவது முறை ஒரு பெண் பொறுமையாகப் பேசினார். ஆனால் '55 நிமிடம் லீகல் கனெக்‌ஷன்தான், சிஸ்டம் ஏற்கிறது' என்று முடித்துவிட்டார். சிஸ்டத்துக்கு முழங்கால் வலிக்காதே என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அன்று காலையிலேயே முதல் கட்டத்துக்கு இன்னொரு விமானம் இருக்கிறது. அதற்கு மாற்றக் கட்டணம் கேட்கிறார். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

பழைய கவுண்ட்டர்:
கொடுக்காதீர்கள். மெயிலில் 'ஏற்கிறேன்' பொத்தானையும் அழுத்திவிடாதீர்கள். டிக்கெட் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். 'மாற்ற வேண்டும்' என்று பேச்சைத் தொடங்கினால் பயணியின் சொந்த விருப்பம் என்று எடுத்துக்கொண்டு கட்டணம் போடுவார்கள். 'உங்கள் அட்டவணை மாற்றத்தால் வந்தது, இன்வாலண்டரி சேஞ்ச்' (பயணி கேட்காமல் வந்த மாற்றம்) என்று அவர்கள் பாஷையிலேயே சொல்லுங்கள். விமான எண், தேதி, நேரம் எல்லாம் நீங்களே கொடுங்கள். 'வேறு ஏதாவது இருக்கிறதா' என்று கேட்டால் 'இல்லை' என்பதுதான் அவருக்குச் சுலபமான பதில்.

சிஸ்டம் பார்ப்பது அந்த விமான நிலையத்துக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரத்தை மட்டும். சக்கர நாற்காலி அந்தக் கணக்கில் வராது, நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒன்று. பிஎன்ஆர் என்ற அந்த ஆறு எழுத்து, இடம் பதிந்ததற்கு. டிக்கெட் என்பது 13 இலக்க எண். புக்கிங்கை மட்டும் மாற்றிவிட்டு டிக்கெட்டை மறுபடி வெளியிடாமல் விட்டால், செக்-இன்னில் 'இடம் இருக்கிறது, டிக்கெட் இல்லை' என்பார்கள். அந்த முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கம் எந்த விமான நிறுவனத்தின் குறியீடோ, அந்த நிறுவனத்தையே பிடியுங்கள்.

அரைத்தூக்கம்:
ஒரே புக்கிங் என்பதால் தப்பித்தீர்கள். நான் தனித்தனியாக வாங்கி இரண்டாவது விமானத்தைக் கோட்டைவிட்டேன், ஒருவரும் பொறுப்பேற்கவில்லை. இன்னொன்று: முதல் விமானத்தை விட்டுவிட்டு வேறு வழியில் போய் நடுவில் ஏறிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஏறாமல் விட்டால் மீதியையும் ரத்து செய்துவிடுவார்கள்.

இழப்பீடு கிடைக்குமா என்று யோசித்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியில்கூட 14 நாளுக்கு முன்பே ரத்தைச் சொல்லிவிட்டால் இழப்பீடு இல்லை. உங்களுடையது ரத்துகூட இல்லை. காலை விமானத்தையே குறி வையுங்கள்.

ஜன்னலோரம்:
நேற்று ராத்திரி வேறொருவர் எடுத்தார். 'இன்வாலண்டரி' என்றதும் குரலே மாறியது. பத்து நிமிடத்தில் காலை விமானம், கட்டணம் இல்லை. புது இ-டிக்கெட் ரசீது கேட்டேன். வந்ததில் பழைய விமான எண்ணே இருந்தது! மறுபடி போன், மறுபடி அரை மணி நேரம் இசை. இப்போது சரி. சக்கர நாற்காலிக் கோரிக்கை மட்டும் மாற்றத்தில் விழுந்துபோயிருந்தது, அதையும் சேர்க்கச் சொல்லிவிட்டேன்.