புதுப்பிப்பு: ஜுப்பிட்டரில் உறைந்து நின்ற ‘நிறுத்து’ பட்டன், சரியாகிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: பைதான் நிரலைத் துண்டு துண்டாக ஓட்டிப் பார்க்கும் ஜுப்பிட்டர் நோட்புக்கில், பட்டன் போன்றவற்றை வைக்க உதவும் ஐபைவிட்ஜெட்ஸ் கொண்டு ஒரு ஸ்லைடர், லூப்பை நிறுத்த ஒரு ‘நிறுத்து’ பட்டன் வைத்திருந்தேன். செல்லில் (நிரல் துண்டை எழுதும் கட்டம்) வொயில் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் நிரல், ஓட ஆரம்பித்ததும் எதை அழுத்தினாலும் அசைவில்லை. லூப் முடிந்த பிறகு அழுத்திய அத்தனை கிளிக்கும் ஒரே மூச்சில் வந்து விழும். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பிரவுசர் மெமரிதான் காரணம் என்று நான் நினைத்தது தப்பு. பின்னணியில் நிரலை ஓட்டும் கர்னல் ஒரு செல்லை ஓட்டிக்கொண்டிருக்கும்போது கிளிக் செய்திகள் வரிசையில் காத்து நிற்கும். செல்லுக்கு இடப்பக்கம் நட்சத்திரக் குறி மறையாமலே இருந்தது. அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதலில், எல்லாவற்றையும் நிறுத்திவைத்துக் காத்திருக்கும் டைம் ஸ்லீப்பை லூப்பிலிருந்து எடுத்துவிட்டு, மற்ற வேலைக்கு வழிவிட்டுக் காத்திருக்கும் அசிங்க்ஐஓ ஸ்லீப்பைச் செல்லிலேயே அவெய்ட் செய்தேன் (முடியும்வரை காத்திருக்கச் சொன்னேன்). பலனில்லை. செல் முடிந்தால்தானே வரிசை நகரும்!

கைகொடுத்தது, “லூப்பைத் தனி டாஸ்க்காகக் கிளப்பிவிடுங்கள்” என்று பதிலில் வந்த யோசனை. லூப்பை ஓர் அசிங்க் ஃபங்ஷனாக்கி (நடுவில் நின்று மற்ற வேலைக்கு வழிவிடக்கூடியது), அசிங்க்ஐஓவின் கிரியேட் டாஸ்க்கிடம் கொடுத்தேன். செல் உடனே முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 0.01 விநாடி அவெய்ட்; அந்த இடைவெளியில் கிளிக் உள்ளே நுழைந்துவிடுகிறது. ஒரு சுற்றே சில விநாடி இழுக்கும் கனமான கணக்கென்றால் இது போதாது, கணக்கைத் தனி இழையில் ஓட்டும் த்ரெட்தான் வழி.

ஸ்லைடருக்கு, நகர்த்த நகர்த்த மதிப்பை அனுப்பும் தொடர் அப்டேட்டை ஆஃப் செய்ததே போதுமாக இருந்தது. இப்போது விரலை எடுத்த பிறகு ஒரே ஒரு முறைதான் கணக்கு ஓடுகிறது.

எதிர்பாராதது ஒன்று: பட்டன் கால்பேக்கில் (பட்டனை அழுத்தினால் ஓடும் ஃபங்ஷன்) போட்ட பிரிண்ட், அதில் வந்த எரர் எதுவும் செல்லுக்கு அடியில் வரவில்லை. அரை நாள் தேடினேன். நோட்புக்கைத் திறக்கும் ஜுப்பிட்டர்லேபின் லாக் கன்சோலில் (செய்திகள் பதிவாகும் தனிப் பகுதி) கிடந்தது. அப்புறம் வெளியீட்டைக் காட்டும் ஓர் அவுட்புட் விட்ஜெட் வைத்து, அதற்குள் அவற்றைத் திருப்பிவிட்டேன்.