அறுபத்து மூவருக்கு அம்மாவை அழைத்து வரலாமா?

பேரூர்க்காரி:
மயிலாப்பூர்வாசிகளிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். அம்மாவுக்கு 74 வயது. கபாலீஸ்வரர் கோயில் அறுபத்து மூவர் உற்சவத்தை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தப் பங்குனிக்குக் கோவையிலிருந்து அழைத்து வரலாம் என்று இருக்கிறேன். முட்டி வலி உண்டு, அரை மணிக்கு மேல் நிற்க மாட்டார். எந்த வீதியில் கூட்டம் குறைவு? காரை எங்கே விடுவது?

லஸ்_முனை:
காரை மறந்துவிடுங்கள். மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்தே லஸ் பக்கம் வண்டியை எங்கே திருப்பி விடுவார்கள் என்று எங்களுக்கே தெரிவதில்லை. பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கினால் குளம் பக்கம்தான்.

மாங்கொல்லை_தாத்தா:
கூட்டம் குறைவான வீதி என்று அன்றைக்கு ஒன்றுமே கிடையாது அம்மா. பங்குனி விழாவின் எட்டாம் நாள்தான் அறுபத்து மூவர். அன்று பிற்பகல் சுவாமி புறப்படுவதற்கு முன்பே நான்கு மாட வீதியும் அடைத்துக்கொள்ளும். பந்தலுக்குப் பந்தல் மோர், பானகம், தொன்னையில் சாம்பார் சாதம். அதை வாங்க ஒரு தள்ளுமுள்ளு, சாப்பிட்டுப் போட்ட தொன்னை காலில் வழுக்குவது வேறு. முட்டி வலிக்காரரை அங்கே நிறுத்த வேண்டாம்.

என்னைக் கேட்டால் மூன்றாம் நாள் விடியற்காலை அழைத்து வாருங்கள். அதிகார நந்தி. ஆறு மணி வாக்கில் கோபுர வாசல் தரிசனம். ஐந்தரைக்கே வந்து சந்நிதித் தெருவில் ஏதாவது கடைப் படியில் அம்மாவை உட்கார வைத்துவிடலாம், கடை திறக்க நேரம் இருக்கிறது. நூறாண்டு தாண்டிய வெள்ளி வாகனம் அது. காளை முகம், மனித உடல், முன்கை இரண்டையும் நீட்டிக் கபாலியின் பாதத்தைத் தாங்குகிற பாவனை. உள்ளே நாகஸ்வரத்தில் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி, அதாவது சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற இசை, கேட்கும்போதே வெளியே பேச்சு அடங்கிவிடும். வாகனம் வாசலைத் தாண்டி வெளிச்சத்துக்கு வந்ததும் வெள்ளி பளிச்சிடும், பாருங்கள், அதற்காகவே நான் இன்னமும் அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனமும் அழகுதான். ஆனால் வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். ஏழாம் நாள் தேர், அதற்கும் கூட்டம்தான்.

வடக்கு_மாட:
தாத்தா சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த அம்மா கேட்பது அறுபத்து மூவரை. கோலவிழி அம்மன், முண்டகக்கண்ணி அம்மன், வாசுகியோடு திருவள்ளுவர் என்று அக்கம்பக்கத்துக் கோயில்களிலிருந்தெல்லாம் வந்து சேர்ந்துகொள்கிற ஊர்வலம் அது. பல்லக்கில் நாயன்மார்கள் சுவாமிக்கு முதுகு காட்டாமல் கைகூப்பியபடி வருவதை அதிகார நந்தி ஈடுகட்டுமா? மாட வீதியில் தெரிந்தவர் வீட்டு மாடி கிடைத்தால் போதும்.

மாங்கொல்லை_தாத்தா:
மாடி கிடைத்தால் சரி. கோவையிலிருந்து வருகிறவருக்கு யார் மாடி தரப்போகிறார்கள்? கிடைப்பதற்குள் அவர் வீட்டில் ஏற்கெனவே முப்பது உறவினர் ஏறியிருப்பார்கள்.

ஒன்று செய்யலாம். எட்டாம் நாளேதான் வேண்டும் என்றால் காலையில் வாருங்கள். குளத்தருகே பூம்பாவையை உயிர்ப்பித்த நிகழ்ச்சி நடக்கும். சிவநேசர் என்கிற மயிலை வணிகரின் மகள் பாம்பு தீண்டி இறந்துபோகிறாள். எலும்பையும் சாம்பலையும் அப்பா குடத்தில் காத்து வைத்திருக்கிறார். ஏழாம் நூற்றாண்டுக்காரரான சம்பந்தர் வந்து, அந்தக் குடத்தைப் பார்த்துப் பாடிய பதிகத்தில் தத்துவம் எதுவும் பேசவில்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று எங்கள் ஊர்த் திருவிழாக்களை வரிசையாகச் சொல்லி, இதையெல்லாம் ‘காணாதே போதியோ’, பார்க்காமலே போகிறாயா என்று கேட்கிறார். இதைவிட ஆசை காட்டி ஒருத்தியைத் திரும்பக் கூப்பிட முடியுமா! இந்தக் கோயில் கட்டடத்துக்கு வயது முந்நூறு சொச்சம்தான். பழைய கோயில் கடலோரம் இருந்தது என்பார்கள். கோயில் இடம் மாறிய பிறகும் திருவிழாப் பட்டியல் பெரும்பாலும் அப்படியே நடக்கிறது.

காலைக் கூட்டம் பிற்பகல் அளவுக்கு இருக்காது. பார்த்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடலாம்.

பேரூர்க்காரி:
அம்மாவிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன். அதிகார நந்தியும் வேண்டுமாம், எட்டாம் நாள் காலையும் வேண்டுமாம். ஆக ஆறு நாள் தங்க வேண்டும். மடக்கு நாற்காலி கொண்டுவரலாமா?

லஸ்_முனை:
விடியற்காலைக்குக் கொண்டு வாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எட்டாம் நாள் குளத்தருகே சின்ன முக்காலி போதும், நாற்காலியை விரிக்க இடம் இருக்காது. அறையை இப்போதே பதிவு செய்யுங்கள்.